நாணல் கட்டின் மூச்சு

சமையலறைத் தரையில் மறுபடியும் ஈரம்.

வாசற்கதவில் தொடங்கி ஜன்னலோரத்து நாற்காலி வரைக்கும் பூட்ஸ் தடங்கள். ஒவ்வொரு தடத்திலும் ஒரு கரண்டித் தண்ணீர் தேங்கி நின்றது. காலணியை வாசலில் கழற்றிவிட்டு வீட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டுதான் உள்ளே வரவேண்டும் என்பது இந்த ஊரில் தவழ்கிற குழந்தைக்குக்கூடத் தெரியும். அறுபத்தைந்து வயது யரோமிருக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் செய்கிறான். வேண்டுமென்றே செய்கிறான். மிலாடா வாளியைத் தரையில் ஓங்கி வைத்தாள். அந்தச் சத்தத்துக்காவது திரும்புவான் என்று பார்த்தாள்.

அவன் திரும்பவில்லை. அவளுக்கு முதுகைக் காட்டியபடி, பழைய பச்சைக் கம்பளிக் கோட்டைக்கூடக் கழற்றாமல், ஜன்னல் வழியே பின்கட்டுக் குளத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நாற்காலிக்கடியில் சொட்டுச் சொட்டாக நீர் விழுந்துகொண்டிருந்தது. அடுப்பின் மேல் அவனுக்காக நேற்று மூடி வைத்த முட்டைக்கோசும் மாவுருண்டையும் தொடாமல் இருந்தன. முந்தாநாள் வைத்ததும் அப்படித்தான். சாப்பிடாமல் முறைத்துக்கொண்டால் இவள் இறங்கி வந்துவிடுவாள் என்று நினைப்பு.

"கெடக்கட்டும்" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, மண்டி போட்டுத் தரையைத் துடைத்தாள். துணியில் சேற்று வாடை அடித்தது. அடிக்குளத்துச் சேறு, அழுகின இலை.

இருவருக்கும் பேச்சில்லை. போன வாரத்துப் புனித மார்ட்டின் திருநாளிலிருந்து இல்லை. கல்யாணமான புதிதில் இவர்கள் சண்டை ஒரு மத்தியானத்தைத் தாண்டாது. இப்போதெல்லாம் வாரக்கணக்கில் இழுக்கும். இவள் மாடியில் தாழ்போட்டுக்கொண்டு படுப்பாள், அவன் கீழே. ஒருவர் வரும்போது ஒருவர் எழுந்து போவது, ஒரே மேஜையில் இருந்தாலும் முகம் பார்க்காமல் இருப்பது, இதிலெல்லாம் இரண்டு பேரும் கைதேர்ந்தவர்கள். யார் முதலில் வாயைத் திறக்கிறாரோ அவர் தோற்றார். மிலாடா இதுவரை தோற்றதில்லை.

இந்தத் தடவை தோற்கிற எண்ணமே இல்லை. ஏனென்றால் இந்தத் தடவை அவன் செய்தது மன்னிக்கிற காரியமில்லை.

மார்ட்டின் திருநாளன்று மகள் ஸ்வாத்தவா தன் குழந்தைக்கு ஞானஸ்நானம் வைத்திருந்தாள். இவர்களுக்கு முதல் பேத்தி. மிலாடா தொப்பி பின்னி, வாத்தை உப்புத் தடவி ஊறவைத்து, கறுப்புப் பாவாடையை இஸ்திரி போட்டுக் காத்திருந்தாள். கார் ஓட்டத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். காலையில் வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்து, கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல் சொன்னான்.

"இன்னிக்கு வேணாம் மிலுஷ்கா. அல்லித் தொட்டி எல்லாம் இன்னும் குளத்து மேல்படியிலயே இருக்கு. ராத்திரி உறைஞ்சுதுன்னா கிழங்கு போயிடும். பள்ளத்துல இறக்கணும். குளத்து மேல கட்டின வலைல இலை வேற ரொம்பிக் கெடக்கு."

"பேத்திக்கு ஞானஸ்நானம்யா!"

"குழந்தை எங்க ஓடிடப் போவுது? அடுத்த வாரம் பாத்துக்கலாம். மீனு அடுத்த வாரம் இருக்காதே."

அவ்வளவுதான். மிலாடாவுக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. கையிலிருந்த தொப்பியை அவன் மூஞ்சியில் விட்டெறிந்தாள். "நீயும் ஒன் மீனும் அந்தப் பள்ளத்துக்குள்ளயே போய்க் குடும்பம் நடத்துங்க! இனிமே எங்கிட்டப் பேசாத. செத்தாலும் பேசாத!" என்று கத்தினாள். அவன் தொப்பியை எடுத்து மேஜைமேல் பதமாக வைத்துவிட்டு, மார்பு வரைக்கும் வருகிற ரப்பர் உடுப்பை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனான். இவள் வானொலியை முழுச் சத்தத்தில் வைத்தாள். பித்தளை வாத்தியக் கோஷ்டி வீட்டையே அதிர அடித்தது. நடுவில் யாரோ கூப்பிட்டமாதிரி இருந்தது. மிலுஷ்கா என்றா, வேறு ஏதாவதா? இன்னும் சத்தம் கூட்டினாள்.

அன்று பொழுது சாய்கிற நேரத்தில் அவன் நனைந்துபோய் உள்ளே வந்தான். அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அன்றிலிருந்துதான் இந்த ஈரம்.

மூன்றாம் நாளே குளம் உறைந்துவிட்டது. அதற்குப் பிறகு பனி இறுகிக்கொண்டே போனது. இன்று மதியத்துக்கு மேல் சாம்பல் கொட்டப் போனவளை, வேலிக்கு அந்தப்பக்கமிருந்து ஹெட்விகா கூப்பிட்டாள். பக்கத்து வீட்டு விதவை. அவள் கண்ணுக்குத் தப்பி இந்தத் தெருவில் ஒரு பூனை குட்டி போட முடியாது.

"என்னடி மிலாடா, ஒன் ஆளுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"அவருக்கென்ன, கல்லு மாதிரி உக்காந்திருக்காரு."

"அப்பறம் ஏன் குளம் இப்பிடிக் கெடக்கு? பம்பு தண்ணிக்குள்ளயே உறைஞ்சு போச்சு, பாத்தியா? வலைய எடுக்கல. அல்லித் தொட்டி ரெண்டு கரையிலயே கெடந்து கருகிப்போச்சு. போன வருஷம் ஒரு மீனுக்கு ஜலதோஷம்னு டாக்டரக் கூட்டியாந்த மனுஷன்டி!"

மிலாடா அப்போதுதான் குளத்தைச் சரியாகப் பார்த்தாள். உண்மைதான். எல்லாம் அரைகுறை. நாணல் கட்டு மட்டும் பள்ளத்துக்கு நேர்மேலே பனியில் குத்திட்டு நின்றது. இங்கே எல்லோரும் குளிர்காலக் குளத்தில் ஒரு கட்டு நாணலை நட்டு வைப்பார்கள். மேலே எவ்வளவு பனி மூடினாலும் தண்டுகளின் துளை வழியாகக் குளம் மூச்சு விடும், அடியில் உறங்குகிற மீன்கள் பிழைக்கும்.

"அந்தக் கட்டைப் பாரு. காத்தே இல்ல, ஆடுது. காலைல நுனில ஆவி வேற வந்துச்சு" என்றாள் ஹெட்விகா. பிறகு பல்லைக் காட்டிச் சிரித்தாள். "குளத்துக்காரன் வந்து குடியேறிட்டானோ என்னவோ. தண்ணில போனவங்க உசுரைப் பானைக்கடியில கவுத்து வெச்சுக்குவானே, அவன். பச்சைக் கோட்டு போட்ட ஆம்பிளை எவனாச்சும் வீட்டுக்குள்ள வந்தா, கோட்டோட எடப்பக்க ஓரம் சொட்டுதான்னு பாத்துக்கடி."

"வரட்டும். நான் கட்டிக்கிட்டதைவிட மோசமாவா இருந்துடப் போறான்?"

ஹெட்விகா விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, புருஷன் கல்லறைக்கு விளக்கேற்றப் போகவேண்டும் என்று பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

மிலாடாவுக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே ஒன்று கொதித்தது. பேத்தியின் ஞானஸ்நானத்தைவிட இந்தக் குளம் பெரிது என்று சொன்னானே, அந்தக் குளத்தையாவது முடித்தானா? பாதியில் போட்டுவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறான்! வேலையை நானே முடிக்கிறேன், அவன் கண்ணெதிரிலேயே முடிக்கிறேன், வெட்கப்பட்டுச் சாகட்டும் என்று கொட்டகைக்குப் போய்க் கையுறையும் கத்தரியும் வாரியும் எடுத்தாள். ரப்பர் உடுப்பு தொங்குகிற ஆணி காலியாக இருந்தது. அதையும் எங்கேயாவது நனையப் போட்டிருப்பான்.

வெயில் என்ற ஒன்று அன்று வரவே இல்லை. நாலு மணிக்கே வெளிச்சம் கரைந்து, தோட்டமெல்லாம் கழுவாத பாத்திரத்தின் நிறத்துக்கு வந்திருந்தது. வலையைக் கரையிலிருந்து இழுத்தபோது கறுத்துக் கூழான இலைகள் பொத்தென்று அவள் பாவாடையில் விழுந்தன. ஓரத்துச் செடிகளைப் பனிக்கு மேலே ஒரு சாண் விட்டு நறுக்கினாள், தண்டுகள் எலும்பு முறிகிறமாதிரி முறிந்தன, ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு வசவு சொன்னாள். சோம்பேறி. நறுக். சுயநலக்காரன். நறுக். கல்நெஞ்சன். பக்கத்து வீடுகளின் புகைக்கூண்டிலிருந்து கரிப்புகை இறங்கித் தோட்டத்தில் தங்கியது. எங்கோ ஒரு நாய் குரைத்து, பாதியில் நிறுத்திக்கொண்டது.

கரையோரம் குனிந்தவள் அப்போதுதான் மீன்களைக் கண்டாள்.

இந்தக் குளிருக்கு அவை பள்ளத்தின் அடியில் அசையாமல் கிடக்க வேண்டும். அதுதான் வழக்கம். அவனிடம் வருஷா வருஷம் கேட்டுக் கேட்டு அவளுக்கே அலுத்துப்போன பாடம். ஆனால் எல்லா வண்ணக் கெண்டைகளும் மேலே இருந்தன. கரையோரத்து ஆழமில்லாத தண்ணீரில், பனிக்கு அடியில் ஒன்றின்மேல் ஒன்று நெருக்கியடித்துக்கொண்டு, வாலெல்லாம் பள்ளத்தின் பக்கமும் தலையெல்லாம் கரைப் பக்கமுமாக முட்டிக்கொண்டு நின்றன. சில செத்துப் பனியோடு ஒட்டியிருந்தன. உயிரோடு இருந்தவையும் பள்ளத்துக்குத் திரும்பவில்லை.

பள்ளத்துக்குள் அவற்றுக்குப் பிடிக்காத என்னவோ இருந்தது.

மிலாடா கரையில் கிடந்த நீளப் பலகை ஒன்றைப் பனிமேல் நீட்டி, அதில் தவழ்ந்து நாணல் கட்டின் அருகே போனாள். கட்டு கோணலாக இருந்தது. யரோமிர் கட்டினால் சணலை மூன்று சுற்று சுற்றி நேராக நிறுத்துவான். இதில் சணலே இல்லை. யாரோ அவசரத்தில் ஒரு பிடி நாணலை அள்ளி இறுக்கிக்கொண்டதுபோல் இருந்தது. நேராக்கலாம் என்று முகத்தைக் கிட்டே கொண்டுபோனாள்.

கன்னத்தில் சூடு பட்டது.

நின்றது. மறுபடி பட்டது. நின்றது. மறுபடி.

காற்று இல்லை. தண்டுகளின் துளையிலிருந்து மெல்லிய ஆவி வந்தது, பிறகு உள்ளே இழுபட்டது. வந்தது, இழுபட்டது. இழுபடும்போது ஒரு சீழ்க்கை. அந்த ஆவியில் சீரகமும் பிளம் சாராயமும் சேர்ந்த வாடை இருந்தது. முப்பத்தெட்டு வருஷம் பக்கத்துத் தலையணையிலிருந்து அவளுக்கு வந்த வாடை. பனிமேல் படிந்திருந்த தூளைக் கையுறையால் துடைத்தாள். கீழே இருட்டு. இன்னும் துடைத்தாள். இருட்டுக்குள் ரப்பர் உடுப்பின் மங்கலான மஞ்சள் தோள்பட்டை வார். அதற்கு மேலே, நாணலைப் பிடித்திருந்த கை. கல்யாண மோதிரம்.

நாணலுக்குள்ளிருந்து, மூச்சோடு மூச்சாக, ஒரு சொல் வந்தது.

"மிலுஷ்கா."

அந்தப் பெயரால் அவளைக் கூப்பிடுகிறவன் உலகத்திலேயே ஒருவன்தான்.

மெதுவாகத் தலையைத் திருப்பி வீட்டைப் பார்த்தாள். சமையலறையில் விளக்குப் போடவில்லை. ஜன்னலில் பச்சைக் கோட்டு தெரிந்தது. அன்று ரப்பர் உடுப்பை மாட்டுவதற்காக அவன் கரையில் கழற்றிப் போட்டிருப்பானே, அந்தக் கோட்டு. இத்தனை நாளும் அவள் பார்த்தது அந்தக் கோட்டைத்தான். முதுகைத்தான். முகத்தைப் பார்க்கவே இல்லை. கோபத்தில் பார்க்கவே இல்லை.

சாப்பிடாதது. பூட்ஸ். சேறு. நாற்காலியின் எந்தப் பக்கம் சொட்டியது?

இடப்பக்கம்.

கத்தல் வாய்வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டாள். பனியை உடைக்க வேண்டும், உடனே உடைக்க வேண்டும். விறகுக் குவியலில் கோடாலி செருகியிருந்தது, கரையேறினால் நாலு எட்டுத்தான். எழுந்தவளை அவன் குரலே தடுத்தது, இத்தனை வருஷமாகக் காதில் ஓதி ஓதி அவளுக்குள் ஊறிப்போன குரல். பனியை இடிக்கவே கூடாது மிலுஷ்கா. அந்த அதிர்ச்சி தண்ணிக்குள்ள குண்டு போட்டமாதிரி. கீழ உள்ளது அத்தனையும் செத்துப்போகும். கொதிக்கிற பானையை மேல வை, தானா உருகும்.

கீழே உள்ளது செத்துப்போகும்.

வெந்நீர் வேண்டும். அடுப்பு உள்ளே இருந்தது.

அவள் உள்ளே போனாள். கதவைத் திறந்ததும் சேற்று வாடை முகத்தில் அறைந்தது. முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டாள். நான் இன்னும் கோபமாக இருக்கிறேன். நான் அவனோடு பேசுவதில்லை. நான் அவனைப் பார்ப்பதில்லை. அதையே சொல்லிச் சொல்லிப் பெரிய பானையில் தண்ணீர் பிடித்து அடுப்பில் ஏற்றினாள். பானைமேல் மூடி கிணுகிணுத்தது. முதுகுக்குப் பின்னால் சொட்டு. சொட்டு. ஆத்திரம்தான் அவளை நிற்க வைத்தது. என் நாற்காலி. என் தரை. ஒரு வாரமாக இதன் ஈரத்தையா மண்டிபோட்டுத் துடைத்தேன்? என் புருஷன் அங்கே நாணலைக் கவ்விக்கொண்டு கிடக்கும்போது இதற்கா சோறு மூடி வைத்தேன்?

தண்ணீர் முனகத் தொடங்கியது. கொதிக்கவில்லை. கொதித்துத் தொலையேன்.

நாற்காலி கிரீச்சிட்டது.

"எதுக்கு மிலுஷ்கா வெந்நீர்?"

யரோமிரின் குரலேதான். கொஞ்சம் நிதானம் கூட, கொஞ்சம் ஈரம் கூட.

அவள் அடுப்புக்குள் இன்னொரு விறகைத் திணித்தாள்.

"இன்னும் கோவமா? சரி விடு. சமாதானமாப் போயிடலாம். இந்தத் தடவை நான்தான் மொதல்ல பேசிட்டேன்ல. நீ ஜெயிச்சிட்ட."

பானை கொதித்தது. பாவாடை முனையால் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஓடினாள். வெந்நீர் தளும்பிப் புறங்கை வெந்தது. பலகை வழியே போனாள். நாணலுக்குப் பக்கத்தில் பானையைப் பனிமேல் அழுத்தி வைத்தாள். பனி உஸ்ஸென்றது. கீழே அந்தக் கை நாணலை விட்டுவிட்டு, பானையின் அடிப்பக்கத்தைத் தேடித் தடவியது. பானை ஒரு விரல் இறங்கியது. இரண்டு விரல். "வந்துட்டேன்யா, வந்துட்டேன், இதோ!" என்று அழுதுகொண்டே அழுத்தினாள். "பொறுத்துக்கோ, யரோமிர்! யரோமிர்!"

"என்ன?"

பின்னாலிருந்து வந்தது.

அவன் பலகையில் வரவில்லை. பனிமேலேயே நடந்து வந்தான். பூனை பாரத்துக்கே முனகுகிற அந்தப் பனி அவனுக்கு முனகவில்லை. எதிரே வந்து குந்தி உட்கார்ந்தான். முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தாள். எல்லாம் யரோமிர்தான், மூக்கும் மீசையும் மோவாய்த் தழும்பும். கண்கள் மட்டும் இமைக்கவில்லை. ஒரு தரம்கூட.

"கோடாலின்னா ஒரே போடு. நீ நல்ல மனசுக்காரி, பானை எடுத்தாந்திருக்க" என்றான் பிரியமாக. "அவசரப்படாத. மெதுவா உருகட்டும்."

கையை நீட்டி நாணல் கட்டைப் பிடித்தான். கீரைக்கட்டை முறுக்குகிறமாதிரி முறுக்கினான். சீழ்க்கை நின்றது.

மிலாடா அவன்மேல் பாய்ந்தாள். கடித்தாள், கிழித்தாள், மீசையைப் பிடுங்கினாள். வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினாள். பிடித்த இடத்திலெல்லாம் கைக்குச் சேறுதான் வந்தது. அவன் அசையவே இல்லை. ஒரு கையால் நாணலை முறுக்கியபடி, சோறு வேகக் காத்திருப்பவன்போலப் பானையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பனி விட்டுக்கொடுத்தது. பானை சரிந்தது. வட்டமாக ஒரு துளை.

அந்தத் துளையில் ஒரு வாய் வந்தது. வெளுத்த உதடுகள், மேல்நோக்கி, காற்றைத் தேடி. மூடின. திறந்தன. மூடின. மிலாடா இரண்டு கையையும் நீட்டினாள்.

அவன் முந்திக்கொண்டான். பானையை எடுத்தான். மிச்சமிருந்த தண்ணீரை ஓரமாகக் கொட்டினான். கவிழ்த்தான். அந்த வாய்மேல், துளைக்குச் சரியாக, சிந்தாமல் சிதறாமல் மூடி வைத்தான். ஓரத்தில் தண்ணீர் உடனே வெளுத்து உறைந்து பானையைக் கவ்விக்கொண்டது.

பிறகு எழுந்து, அவளுடைய வெந்த கையைத் தன் குளிர்ந்த கைக்குள் எடுத்துக்கொண்டான்.

"வா, மிலுஷ்கா. குளுருது. உள்ள போலாம்."

அவன் இழுத்த இழுப்புக்கு அவள் கால்கள் பனிமேல் சறுக்கிக்கொண்டே போயின. பானை அப்படியே இருந்தது. அதன் உட்புறத்தில் யாரோ விரல் கணுவால், மரியாதையாக, கதவைத் தட்டுகிறமாதிரி தட்டிக்கொண்டிருந்தார்கள்.